தொட்டி மூடியைத் திறந்தவர்கள்

எண்ணெய்த் தொட்டியில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று அளப்பது எளிய வேலையாகத்தான் தெரியும். அமெரிக்காவின் வடக்கு டகோட்டா, டெக்சாஸ், கொலராடோ மாநிலங்களில் கிணறுகளை ஒட்டி இப்படிப்பட்ட தொட்டிகள் ஆயிரக்கணக்கில் நிற்கின்றன. வழக்கமான தொட்டி 400 பீப்பாய் கொள்ளும். அதாவது ஏறத்தாழ 63,600 லிட்டர். உயரம் 20 அடி. பக்கவாட்டில் இரும்புப் படிக்கட்டு, மேலே ஆள் நடக்க ஒரு குறுகிய நடைமேடை, தொட்டியின் உச்சியில் கையால் திறக்கும் மூடி ஒன்று. அளப்பவர் மூடியைத் திறந்து, நுனியில் பித்தளைக் குண்டு கட்டிய அளவு நாடாவை உள்ளே இறக்குவார். குண்டு அடியைத் தொட்டதும் நாடாவை மேலே இழுத்து, எண்ணெய் நனைத்த இடத்தைப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொள்வார். சில வேளை ஒரு குழலை இறக்கி மாதிரி எடுப்பார், வெப்பநிலையும் பார்ப்பார். ஒரு தடவைக்குச் சில நிமிடங்கள் போதும். புதிதாகத் திறந்த கிணறு என்றால் இரவு பகலாக மணிக்கு ஒரு முறைகூட ஏறி இறங்க வேண்டியிருக்கும்.

2010க்கும் 2014க்கும் இடையில் இந்த வேலையைச் செய்துகொண்டிருந்த ஒன்பது பேர் அமெரிக்காவில் அப்படியே விழுந்து இறந்தார்கள். தீ விபத்து இல்லை, வெடிப்பு இல்லை, உடலில் பெரிய காயமும் இல்லை. சிலர் திறந்த மூடியின் அருகிலேயே கிடந்தார்கள். சாகும்போது பக்கத்தில் யாரும் இல்லை. அவர்களில் சிலருடைய இறப்புக்குக் காரணமாக முதலில் எழுதப்பட்டது இதய நோய்.

இதயம் நின்றது உண்மை. எதனால் நின்றது என்று கேட்கப் பல மாதங்கள், சிலருடைய விஷயத்தில் ஆண்டுகள் ஆயின. அந்தக் கேள்விக்கான விடை பூமிக்கடியில் மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் தொடங்குகிறது.

வடக்கு டகோட்டாவின் மேற்குப் பகுதிக்கும் மொன்டானாவுக்கும் கனடாவுக்கும் கீழே பாக்கன் என்ற பாறை அடுக்கு பரந்து கிடக்கிறது. டயோகா என்ற ஊரின் விவசாயி ஒருவருடைய குடும்பப் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. ஏறத்தாழ 36 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சேறும் நுண்ணுயிர்களும் இறுகி, வெந்து, எண்ணெயாக மாறிய பாறை அது. 1951இலேயே அந்த மாநிலத்தில் எண்ணெய் கண்டுவிட்டார்கள். ஆனால் இந்த இறுக்கமான பாறையிலிருந்து அதைக் கறந்தெடுக்கும் வழி, கிடைமட்டத் துளையும் நீரழுத்தத்தால் பாறையைப் பிளக்கும் முறையும் கைகூடிய இந்த நூற்றாண்டில்தான் பிறந்தது. 2010இல் 14,716 பேர் வாழ்ந்த வில்லிஸ்டன் நகரம் 2020இல் 29,160 பேர் கொண்டதாயிற்று. 2014 ஏப்ரலில் மாநிலத்தின் உற்பத்தி நாளொன்றுக்குப் பத்து லட்சம் பீப்பாயைத் தாண்டியது. நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் இளைஞர்கள் வேலை தேடி வந்து இறங்கினார்கள். அவர்களில் பலருக்கு எண்ணெய் வயல் புதிது.

பாக்கன் எண்ணெய் இலேசானது. பல நூறு வளிமண்டல அழுத்தத்தில் பாறைக்குள் அடைபட்டிருக்கும்போது அதனுள்ளே மீத்தேன், ஈத்தேன், புரொப்பேன், பியூட்டேன், பென்டேன் எல்லாம் கரைந்து கிடக்கின்றன. மேலே வந்ததும் அழுத்தம் விழுகிறது. கோலி சோடாவின் குண்டை அழுத்தியதும் பொங்குமே, அதே நிகழ்ச்சிதான். பிரிப்பான், சூடேற்றும் கலன் ஆகியவற்றைக் கடந்து எண்ணெய் தொட்டிக்கு வருவதற்குள் பெரும்பகுதி வாயு கழன்றுவிடும். ஆனால் முழுவதும் அல்ல. மிச்சமிருப்பது தொட்டிக்குள் மெல்ல மெல்ல வெளியேறி, எண்ணெய்க்கு மேலேயுள்ள வெற்றிடத்தை நிரப்பிக்கொண்டு, காற்றை வெளியே தள்ளிவிட்டு, சற்றே அழுத்தத்தோடு காத்திருக்கிறது. மூடியைத் திறப்பவரின் முகத்துக்கு நேரே அது வெளியே பாய்கிறது.

பாய்ந்தது உடனே மேலெழுந்து கலைந்து போனால் ஆபத்து குறைவு. மீத்தேன் அப்படித்தான் செய்யும். அது காற்றைவிட இலேசானது. மற்றவை அப்படியல்ல. காற்றின் சராசரி மூலக்கூறு எடை 29. புரொப்பேனுக்கு 44, பியூட்டேனுக்கு 58, பென்டேனுக்கு 72. கனமான இந்த வாயுக்கள் திறப்பின் விளிம்பைத் தாண்டி நடைமேடையில் வழிந்து, காற்று வீசாத குளிர் இரவுகளில் அங்கேயே தேங்கி நிற்கும். நாடாவைப் பார்க்கக் குனிபவரின் மூக்கும் வாயும் சரியாக அந்தத் தேக்கத்துக்குள் இறங்குகின்றன.

அடுத்து உடலுக்குள் நடப்பதை நான் முதன்முதலில் படித்தபோது திரும்பத் திரும்பப் படித்தேன். நாம் சுவாசிக்கும் காற்றில் 20.9 விழுக்காடு ஆக்ஸிஜன் இருக்கிறது. நுரையீரலின் காற்றறைகளில் ஆக்ஸிஜன் அதிகம், அங்கே வந்து சேரும் இரத்தத்தில் குறைவு. அதனால் அது அறையிலிருந்து இரத்தத்துக்குப் போகிறது. இந்தப் போக்கை நிர்ணயிப்பது எந்தப் பக்கம் அதிகம் என்பது மட்டும்தான். உடலுக்கு அதில் வேறு கட்டுப்பாடு கிடையாது. ஆக்ஸிஜன் ஏறக்குறைய இல்லாத வாயுவை ஒருவர் ஆழமாக இழுத்தால் கணக்கு தலைகீழாகிவிடும். இப்போது இரத்தத்தில் இருப்பதுதான் அதிகம். எனவே இரத்தத்தில் மிச்சமிருந்த ஆக்ஸிஜனும் நுரையீரலுக்குள் வெளியேறி, மூச்சோடு வெளியே போய்விடுகிறது. மூச்சை அடக்கிக்கொண்டு நின்றவர் ஒரு நிமிடமாவது தாங்குவார். இந்த வாயுவைச் சுவாசிப்பவரோ ஒவ்வொரு மூச்சிலும் தன்னிடம் இருந்ததையும் இழக்கிறார். அந்த இரத்தம் மூளையை எட்டச் சில நொடிகள் போதும். பத்துப் பதினைந்து நொடிகளுக்குள் நினைவு தப்பலாம்.

மூச்சு முட்டினால் தெரியாதா, விலகி ஓட மாட்டாரா என்று கேட்கத் தோன்றும். தெரியாது என்பதுதான் கொடுமை. நமக்கு மூச்சுத் திணறுகிற உணர்வைப் பெரும்பாலும் உண்டாக்குவது ஆக்ஸிஜன் குறைவு அல்ல, உடலில் கரியமில வாயு சேர்வதுதான். தண்ணீருக்குள் மூழ்கும்போதும் கழுத்து நெரிபடும்போதும் அது சேர்கிறது, அதனால்தான் துடிக்கிறோம். தொட்டியின் மேல் நிற்பவரோ தாராளமாக மூச்சை இழுத்து விட்டுக்கொண்டிருக்கிறார்; கரியமில வாயு வழக்கம்போல வெளியேறிவிடுகிறது. ஆக்ஸிஜன் குறைவை உணரும் சிறு உறுப்புகள் கழுத்துத் தமனியின் ஓரம் இருக்கின்றன என்றாலும், அவை எழுப்பும் எச்சரிக்கை வலுவாக வந்து சேர்வதற்குள் மூளை மங்கத் தொடங்கிவிடும். இலேசான கிறுகிறுப்பு, சில வேளை ஒரு மிதப்பு. ஆபத்தில் இருக்கிறோம் என்று முடிவெடுக்க வேண்டிய உறுப்பே முதலில் செயலிழக்கிறது.

இது ஒரு வழி. இன்னொன்றும் உண்டு, அது இதயத்தை நேராகத் தாக்குகிறது. புரொப்பேனும் பியூட்டேனும் இதயத் தசையை அட்ரினலினுக்கு அளவுமீறிக் கூருணர்வு கொள்ளச் செய்கின்றன. சாதாரண நேரத்தில் படபடப்போடு நின்றுவிடும் அட்ரினலின், இந்த வாயுக்கள் இரத்தத்தில் இருக்கும்போது இதயத்தின் கீழறைகளைத் தாளம் தப்பித் துடிக்க வைத்துவிடும். அப்படித் துடிக்கும் இதயம் இரத்தத்தை வெளியே தள்ளாது. இதை மருத்துவ உலகம் எண்ணெய் வயலில் கற்றுக்கொள்ளவில்லை. போதைக்காகப் பசை, தெளிப்பான் வாயு ஆகியவற்றை முகர்ந்த இளைஞர்கள் திடீரென்று இறந்ததை ஆராய்ந்து, 110 மரணங்களைத் தொகுத்து, மில்லார்ட் பாஸ் என்ற மருத்துவர் 1970இல் வெளியிட்ட கட்டுரை இதை முதலில் பரவலாகக் கவனத்துக்குக் கொண்டுவந்தது. முகர்ந்தவர்களில் பலர் ஓடும்போதோ திடுக்கிட்டபோதோ விழுந்தார்கள். தொட்டி அளப்பவரை எண்ணிப் பாருங்கள். கனத்த உடையோடும் கருவிகளோடும் இருபது அடி ஏறி வந்திருக்கிறார். அவருடைய இரத்தத்தில் அட்ரினலின் ஏற்கெனவே ஏறியிருக்கிறது. அந்த நேரத்தில்தான் மூடி திறக்கிறது.

இறந்தவரின் உடலில் இதற்கு அடையாளம் என்ன இருக்கும்? ஏறக்குறைய எதுவும் இருக்காது. எளிதில் ஆவியாகும் இந்த வாயுக்கள் உடலை விட்டு நழுவிவிடும். வழக்கமான நச்சுப் பரிசோதனை மது, போதைப்பொருள், மருந்துகளைத் தேடும், பியூட்டேனைத் தேடாது. இரத்தத்தைக் காற்றுப் புகாத கலத்தில் உடனே அடைத்து, இதைத்தான் தேட வேண்டும் என்று குறிப்பிட்டுக் கேட்டால்தான் ஆய்வகம் தேடும். உடற்கூராய்வு செய்பவருக்கு அது தோன்றாவிட்டால், நடுவயது ஆணின் இதயத் தமனியில் கொஞ்சம் அடைப்பு கண்ணில் படும். அந்த வயதில் பலருக்கும் இருக்கக்கூடிய அடைப்புதான் அது. சான்றிதழில் அதுவே காரணம் ஆகிவிடும்.

2012 தொடக்கத்தில் வடக்கு டகோட்டாவில் ஒரு குளிர்கால இரவில் இறந்த 21 வயது இளைஞரை அப்படி எழுதி மூடிவிட முடியவில்லை. அந்த வயதில் இதய நோய் என்றால் யார் நம்புவார்கள்? உடற்கூராய்வு அவர் உடலில் எண்ணெய் ஆவியைக் கண்டது. அதன் பிறகும், ஒரு மரணத்தை இன்னொன்றோடு சேர்த்துப் பார்க்கச் சிலர் பிடிவாதமாக உழைக்க வேண்டியிருந்தது. அந்தப் பகுதியின் பாதுகாப்புப் பயிற்சியாளர்கள், விடாமல் பின்தொடர்ந்த செய்தியாளர்கள், கலிஃபோர்னியாவில் தொழில்சார் நோய்களைப் பார்க்கும் மருத்துவரான ராபர்ட் ஹாரிசன், நச்சியல் வல்லுநர் மைக்கேல் காஸ்னெட் ஆகியோருக்கு இதில் பங்கு உண்டு. நையோஷ் எனப்படும் நடுவண் அரசின் பணியிட நல ஆய்வு நிறுவனத்தோடு சேர்ந்து பழைய கோப்புகளை மறுபடி புரட்டியபோதுதான் ஒன்பது பேரும் ஒரே பட்டியலில் வந்தார்கள். 2016 ஜனவரியில் அந்த ஆய்வு வெளியானது. அடுத்த மாதம் நையோஷும், பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தை அமல்படுத்தும் ஓஷாவும் சேர்ந்து எச்சரிக்கை வெளியிட்டன. முதல் மரணத்துக்கும் அந்த எச்சரிக்கைக்கும் நடுவே ஆறு ஆண்டுகள்.

அந்தத் தொழிலாளர்களிடம் எச்சரிக்கைக் கருவியே இல்லையா என்றால், எண்ணெய் வயலில் பலரும் சட்டையில் மாட்டியிருப்பது ஹைட்ரஜன் சல்ஃபைடு கருவி. பழைய எண்ணெய் வயல்கள் பயந்தது அந்த வாயுவுக்கு; பயிற்சி முழுவதும் அதைச் சுற்றியே இருந்தது. பாக்கனில் அது மிகக் குறைவு என்பதால் கருவி அமைதியாகவே இருந்திருக்கும். நான்கு வாயுக்களைக் காட்டும் கருவி வைத்திருந்தவர்களுக்கும் சிக்கல் இருந்தது. அது எரியக்கூடிய வாயுவைத் தீப்பிடிக்கும் எல்லையின் விழுக்காடாகக் காட்டும். புரொப்பேன் காற்றில் 2.1 விழுக்காடு இருந்தால் தீப்பிடிக்கும். அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 2,100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2,100 பங்கு) அளவிலேயே, உயிருக்கு உடனடி ஆபத்து என்று நையோஷ் வரையறுத்திருக்கிறது. கருவி கத்தும்போது தொழிலாளி தீப்பொறியைத்தான் நினைக்கிறார். பக்கத்தில் நெருப்பு இல்லையே என்று வேலையைத் தொடர்கிறார். தன் நுரையீரலைப் பற்றியும் அந்தக் கருவி பேசுகிறது என்று யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை.

ஹைட்ரஜன் சல்ஃபைடு கொல்லும் விதம் வேறு. அது உயிரணுக்களுக்குள் புகுந்து, ஆக்ஸிஜனைப் பயன்படுத்தும் நொதியை முடக்குகிறது. மிகக் குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். 100 பிபிஎம் அளவுக்கு மேல் போனால் சில நிமிடங்களில் மூக்கே மரத்துவிடும், நாற்றம் நின்றதை ஆபத்து நீங்கியதாக எடுத்துக்கொள்பவர் உள்ளேயே நிற்பார். நம்மூரில் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கி இறப்பவர்களையும், அவர்களைத் தூக்கப்போய் அடுத்தடுத்து விழுபவர்களையும் பெரும்பாலும் கொல்வது இதே வாயுதான். டெக்சாஸின் டென்வர் சிட்டியில் 1975 பிப்ரவரியில் ஒரு கிணற்றிலிருந்து கசிந்து ஒன்பது பேரைக் கொன்றது. அதற்கு மறுஆண்டே அந்த மாநிலம் இதற்கெனத் தனி விதியை இயற்றியது. விதி வந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்த பின், 2019 அக்டோபரில் அதே டெக்சாஸின் ஒடெஸ்ஸாவில் இரவில் தனியாகப் பம்பு நிலையத்துக்குப் போன பணியாளர் ஒருவர் இறந்தார். அவர் வீடு திரும்பவில்லையே என்று தேடிப்போன மனைவியும் இறந்தார். குழந்தைகள் வெளியே காரில் இருந்தார்கள்; அவர்கள் பிழைத்தார்கள். அமெரிக்க ரசாயனப் பாதுகாப்பு வாரியம் விசாரித்தது. பணியாளரின் எச்சரிக்கைக் கருவி அவர் உடலில் இல்லை, நிலையத்தின் எச்சரிக்கை அமைப்பு வேலை செய்யவில்லை, பழுது பார்க்குமுன் பம்புக்கான மின் இணைப்பைத் துண்டித்துப் பூட்டும் நடைமுறை கடைப்பிடிக்கப்படவில்லை என்று 2021இல் எழுதியது.

மீண்டும் தொட்டிக்கு வருவோம். தானாக அளவு காட்டும் மானிகள் எப்போதோ வந்துவிட்ட காலத்தில், மனிதர் ஏன் அதன் மேல் ஏறி மூடியைத் திறந்தார்? காரணங்களில் ஒன்று அரசின் விதி. நடுவண் அரசுக்கும் பழங்குடியினருக்கும் சொந்தமான நிலங்களில் எடுக்கும் எண்ணெய்க்கு உரிமைத்தொகை உண்டு. அந்தத் தொகையில் ஏமாற்று நடக்கக் கூடாது என்பதற்காக, தொட்டி எண்ணெயைக் கையால் அளக்கும் முறையை 1989ஆம் ஆண்டின் விதிகள் வகுத்தன. பாக்கனின் நடுவே மாண்டன், ஹிடாட்சா, அரிக்காரா மக்களின் ஃபோர்ட் பெர்த்தோல்டு ஒதுக்கீட்டு நிலம் இருக்கிறது. அங்கே இந்தக் கணக்கு ஒரு சமூகத்தின் வருமானம். நோக்கத்தில் குறையில்லை. எண்ணெயின் ஒவ்வொரு அங்குலத்தையும் கவனித்த அந்த விதி, அளப்பவரின் மூச்சைக் கவனிக்கவில்லை. தானியங்கி அளவீட்டுக்கு இடமளிக்கும் புதிய விதிகள் 2016 நவம்பரில்தான் வந்தன. மூடியைத் திறக்காமல் அளந்து எண்ணெயைக் கைமாற்றும் முறைக்கான தொழில்துறைத் தரம் வெளிவந்ததும் அதே ஆண்டுதான். தொழில்நுட்பம் இல்லாததால் அல்ல, விதி மாறாததால் தொழிலாளர்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள் என்பது என் தீர்மானமான கருத்து.

எண்ணெய் வயலில் சாவு புதியதல்ல. 2003 முதல் 2013 வரை அமெரிக்காவின் எண்ணெய், எரிவாயுத் துறையில் 1,189 பேர் பணியில் இறந்தார்கள். பத்தில் நான்கு பேர் போக்குவரத்து விபத்துகளில். பன்னிரண்டு, பதினாறு மணி நேரம் உழைத்துவிட்டுத் தூக்கக் கலக்கத்தில் நெடுந்தொலைவு வண்டி ஓட்டுவது அந்தத் தொழிலின் தீராத நோய். நான்கில் ஒருவர் இயந்திரங்களும் குழாய்களும் மோதியோ நசுக்கியோ இறந்தார். 2012இல் வடக்கு டகோட்டாவின் பணியிட இறப்பு விகிதம் லட்சம் பேருக்கு 17.7, நாட்டின் சராசரி 3.4. அந்த மாநிலத்தின் சுரங்க, எண்ணெய்த் துறையை மட்டும் பிரித்துப் பார்த்தால் 104. அந்த ஆண்டு நாட்டிலேயே மிக மோசமான மாநிலம் அதுதான்.

கண்காணிப்பு இதற்கு ஈடு கொடுக்கவில்லை. கிணற்றின் உரிமையாளர் ஒரு நிறுவனம், துளைப்பவர் இன்னொருவர், அளப்பவரை அனுப்பியது மூன்றாவது ஒப்பந்தக்காரர். ஆள் இறந்தால் பொறுப்பு கடைசிக் கண்ணியில் போய் நிற்கும். 2016 ஆகஸ்டு வரை கடுமையான விதிமீறல் ஒன்றுக்கு ஓஷா போடக்கூடிய அதிகபட்ச அபராதம் 7,000 டாலர். அபாயகரமான ரசாயனங்களைக் கையாளும் ஆலைகளுக்காக 1992இல் வந்த முழுமையான பாதுகாப்பு விதி, எண்ணெய்க் கிணறு துளைப்பதையும் பராமரிப்பதையும் விலக்கியே வைத்திருக்கிறது. ஒரு நல்ல மாற்றம் 2015இல் வந்தது. அதுவரை மரணமும் பலர் ஒருசேர மருத்துவமனையில் சேர்வதும்தான் உடனே தெரிவிக்கப்பட வேண்டியவை. அந்த ஆண்டிலிருந்து ஒரே ஒருவர் மருத்துவமனையில் சேர்ந்தாலும், விரல் துண்டானாலும், கண் போனாலும் 24 மணி நேரத்துக்குள் ஓஷாவிடம் சொல்லியாக வேண்டும். வேலையிடத்தில் மாரடைப்பால் இறந்தாலும் சொல்ல வேண்டும். ஆனால் விசாரிப்பதா வேண்டாமா என்பது அதிகாரியின் முடிவு. இயற்கை மரணம் என்று எழுதப்பட்டுவிட்டால் விசாரணைக்கு அவசியம் இருக்காது. நாட்டின் பணியிட மரணக் கணக்கிலும் அது ஏறாது. காரணம் தவறாக எழுதப்பட்ட அந்த ஒரு வரி, அடுத்த தொழிலாளியை அதே தொட்டியின் மேல் ஏற்றிவிடும். ஒன்பது பேரின் கதையில் என்னை மிகவும் உறுத்துவது இதுதான்.

செய்ய வேண்டியது தெரிந்ததே. மூடியைத் திறக்காமல் அளக்கும் கருவியும், தரைமட்டத்தில் மாதிரி எடுக்கும் குழாயும் முதல் பாதுகாப்பு. திறந்தே ஆக வேண்டுமென்றால் காற்று வீசும் பக்கம் முதுகு இருக்க வேண்டும், முகத்தைத் திறப்புக்கு நேரே கொண்டுபோகக் கூடாது, தனியாக ஏறக் கூடாது, ஆபத்தான அளவு வாயு இருக்கும் இடத்தில் சிலிண்டரிலிருந்தோ குழாயிலிருந்தோ நல்ல காற்று தரும் முகக்கவசம் அணிய வேண்டும். வடிகட்டி வைத்த சாதாரண முகமூடி பயன்படாது. இல்லாத ஆக்ஸிஜனை வடிகட்டியால் உண்டாக்க முடியாது. 2014இலிருந்து நையோஷ் எண்ணெய், எரிவாயுத் துறை மரணங்களுக்கென்றே தனியாக ஒரு தரவுத்தளம் வைத்திருக்கிறது. முதல் ஆறு ஆண்டுகளில் அதில் ஏறியவை 470 மரணங்கள்.

வளைகுடா நாடுகளின் எண்ணெய் வயல்களிலும் சுத்திகரிப்பு ஆலைகளிலும் நம் வீட்டுப் பிள்ளைகள் ஏராளமாக வேலை செய்கிறார்கள். அங்கிருந்து வரும் இறப்புச் சான்றிதழ்கள் பலவற்றில் இயற்கை மரணம், இதயம் நின்றது என்ற சொற்களுக்கு மேல் எதுவும் இருப்பதில்லை. உங்கள் தம்பியோ மருமகனோ அப்படியொரு வேலையில் இருந்தால், அடுத்த முறை பேசும்போது கேளுங்கள்: தொட்டி மேல் தனியாக ஏறுகிறாயா, உன் வாயுக் கருவி எதையெல்லாம் காட்டும், அது கத்தினால் என்ன செய்யச் சொல்லியிருக்கிறார்கள். நேரக்கூடாதது நேர்ந்துவிட்டால், உடலைப் பெற்றுக்கொள்ளும் அவசரத்தில் காகிதத்தில் கையெழுத்திட்டு முடித்துவிடாதீர்கள். கடைசியாக அவர் என்ன வேலை செய்துகொண்டிருந்தார் என்று எழுத்தில் கேளுங்கள், தூதரகம் வழியாக உடற்கூராய்வையும் காற்றுப் புகாமல் அடைத்த இரத்த மாதிரியில் எண்ணெய் வாயுக்களுக்கான சோதனையையும் கேளுங்கள். தாமதமானால் அந்த வாயு இரத்தத்தில் தங்காது. கேட்பதை முதல் நாளே கேட்க வேண்டும்.